பிரைட்டனை உருவாக்கியது இளவரசரா?

கேள்வி கேட்டவர் இரண்டு செய்திகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன், ஓர் இளவரசர் அங்கே அரண்மனை கட்டியதால்தான் மீனவர் குப்பத்திலிருந்து உல்லாச நகரமாக மாறியது என்று ஒரு சுற்றுலாக் கையேட்டில் படித்தாராம்; அது உண்மையா என்பது முதல் கேள்வி. அந்த அரண்மனை படத்தில் வட இந்தியக் கட்டடம்போலத் தெரிகிறதே, அதை நம்மவர்கள் கட்டினார்களா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் உள்ள கேள்வி ஒன்றுதான்: ஓர் ஊரின் தலையெழுத்தை ஒரு தனிமனிதரின் விருப்பம் மாற்றிவிடுமா? பிரித்தானியச் சமூக வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல முயல்கிறேன். கட்டடக்கலை என் துறை அன்று. ஆகவே அரண்மனையைப் பற்றிப் பேசும்போது பலரும் ஏற்றுக்கொண்ட செய்திகளோடு நின்றுகொள்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான அந்த இளவரசர் பிரைட்டனை உருவாக்கவில்லை, ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்த ஊரைத் தேடி அவர் வந்தார்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். லண்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், சசெக்ஸ் மாவட்டத்தின் சுண்ணாம்புக் குன்றுகள் கடலை நோக்கி இறங்கும் இடத்தில் இந்த ஊர் இருக்கிறது. அன்றைய பெயர் பிரைட்ஹெல்ம்ஸ்டன். முதலாம் வில்லியம் மன்னர் 1086இல் எடுக்கச் செய்த நிலக் கணக்கிலேயே இது பதிவாகியிருக்கிறது. இங்கிருந்த பண்ணை ஒன்று செலுத்த வேண்டிய வரி 4,000 ஹெர்ரிங் மீன்கள் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. 1514இல் பிரெஞ்சுக்காரர்கள் கடல்வழியே வந்து ஊருக்குத் தீ வைத்தார்கள். அதிலிருந்து மீண்டு எழுந்து, வடகடல் வரை சென்று மீன்பிடிக்கும் படகுகளை வைத்திருந்த ஊர், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தேயத் தொடங்கியது. இங்கே துறைமுகம் கிடையாது. படகுகளைக் கூழாங்கல் கரையில்தான் இழுத்து ஏற்ற வேண்டும். கரைமேட்டுக்குக் கீழே மீனவர்கள் வாழ்ந்த பகுதியைக் கடல் ஆண்டுதோறும் அரித்துவந்தது. எஞ்சியதை 1703, 1705 ஆண்டுகளின் புயல்கள் கொண்டுபோயின. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரைட்டன் தொழிலிழந்த, வறுமைப்பட்ட ஊர். இந்த வறுமையை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாடகைக்கு விட வீடுகளும், கூலிக்கு வரக் கைகளும், வேறு பிழைப்புத் தேடும் குடும்பங்களும் அங்கே காத்திருந்தன என்பது அதற்குப் பிந்தைய கதைக்கு அடிப்படை.

கடல்நீரில் குளிப்பது உடலுக்கு நல்லது என்ற எண்ணம் பிரைட்டனில் பிறந்ததன்று. வடகிழக்குக் கரையிலுள்ள ஸ்கார்பரோ இந்த வகையில் மூத்தது. அங்கே பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒரு கனிம ஊற்றின் நீரைப் பருகச் செல்வந்தர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஊற்று கடற்கரையிலேயே இருந்ததால் பருகுவதோடு கடலில் முழுகுவதும் வழக்கமாயிற்று. 1735ஆம் ஆண்டின் ஓர் அச்சுப்படத்தில் ஸ்கார்பரோக் கடலில் ஆட்கள் குளிப்பதையும், உடைமாற்றும் சக்கர வண்டி ஒன்று நிற்பதையும் காணலாம். ஆனால் ஸ்கார்பரோ லண்டனிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பிரைட்டனோ, நல்ல சாலை இருந்தால் ஒரே பகலில் வந்துசேரக்கூடிய தொலைவு.

இந்த இடத்தில்தான் ரிச்சர்டு ரஸ்ஸல் என்ற மருத்துவர் வருகிறார். பிரைட்டனுக்குப் பக்கத்திலுள்ள லூயிஸ் நகரில் மருத்துவம் பார்த்துவந்த அவர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரைப் பயன்படுத்துவது பற்றி 1750இல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார்; சில ஆண்டுகளுக்குள் அது ஆங்கிலத்திலும் வந்து பரவலாக விற்றது. கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் கண்டமாலையே அவர் முக்கியமாகக் கருத்தில் கொண்ட நோய். அவருடைய சிகிச்சை இன்று படித்தால் வியப்பளிக்கும்: நோயாளி குளிர்ந்த கடலில் முழுகவேண்டும், அத்துடன் காலையில் அரை லிட்டருக்குக் குறையாமல் கடல்நீரைக் குடிக்கவும் வேண்டும். அது பேதியாகும் என்பது அவருக்குத் தெரியும், அதற்காகத்தான் கொடுத்தார். எரித்துப் பொடியாக்கிய கடற்பஞ்சு, கணவாய் ஓடு போன்றவையும் அவருடைய மருந்துகளில் இருந்தன. 1753இல் அவர் பிரைட்டனுக்கே குடிபெயர்ந்து, ஸ்டெய்ன் எனப்படும் புல்வெளியின் தென்முனையில், கடலைப் பார்த்தபடி, தாமும் நோயாளிகளும் தங்க ஒரு பெரிய வீடு கட்டினார். 1759இல் இறந்தார்.

அவருடைய சிகிச்சை பலனளித்ததா என்று கேட்டால், நோயாளிகள் திரளாக வந்தார்கள் என்பது மட்டுமே உறுதி. கண்டமாலை பெரும்பாலும் காசநோயின் ஒரு வடிவம் என்பதை நாம் இன்று அறிவோம். உப்புநீர் அதைக் குணப்படுத்தாது. ஆனால் கழுத்து வீக்கம் எல்லாமே கண்டமாலை அன்று. அயோடின் குறைவால் வரும் கழலையும் அந்தக் காலத்தில் அதனுடன் சேர்த்துக் குழப்பப்பட்டது. எரித்த கடற்பஞ்சில் அயோடின் உண்டு. அயோடின் என்ற தனிமம் கண்டுபிடிக்கப்பட்டதே 1811இல்தான் என்பதால் ரஸ்ஸலுக்கு அந்தக் காரணம் தெரிந்திருக்க வழியில்லை. அவருடைய நோயாளிகளில் சிலருக்கு உண்மையாகவே வீக்கம் வற்றியிருக்கலாம் என்பது என் ஊகம்; ஊகம் என்ற அளவிலேயே அதை எடுத்துக்கொள்ளவும். லண்டனின் கரிப்புகையிலிருந்து விலகி, நல்ல காற்றில் சில வாரங்கள் இருந்ததும் பலருக்குத் தெம்பளித்திருக்கும்.

வந்தவர்களைக் கடலில் இறக்கிவிட்டவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரைட்டனின் மாற்றம் நிகழ்ந்த இடம் அதுதான். சக்கரங்கள் வைத்த ஒரு மரக் கூண்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சீமாட்டி அதற்குள் ஏறி உடை மாற்றுவார். குதிரை அதை இழுத்துக்கொண்டு இடுப்பளவு நீர் வரை செல்லும். கடலைப் பார்த்த பக்கத்துக் கதவு திறக்கும். படியடியில் தடித்த உடையுடன் நீரில் நிற்கும் ஒரு பெண், வந்தவரைப் பிடித்து அலைக்குள் முழுக்கி எடுப்பார், மூச்சுத் திணறினாலும் விடமாட்டார். அப்படி முழுக்குவதுதான் மருத்துவம். இந்த வேலையைச் செய்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். அவர்களில் மார்த்தா கன் என்பவர் நாடறிந்த பெண்ணாகி, 1815இல் தம் எண்பதுகளின் இறுதியில் இறந்தார். புனித நிக்கலஸ் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவரைப் பற்றி ஒரு கதை உண்டு: அரண்மனைச் சமையலறையில் யாரோ தந்த வெண்ணெய்க் கட்டியை உடைக்குள் மறைத்துவைத்திருந்தபோது இளவரசர் அதைக் கவனித்துவிட்டு, அவரை அடுப்பருகே நிறுத்திப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெண்ணெய் உருகி வழியும் வரை போகவிடவில்லையாம். இது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை மட்டுமே. இளவரசரும் அந்தப் பெண்ணும் பேசிப் பழகும் அளவுக்கு அந்த ஊரில் நெருக்கம் இருந்தது என்று மக்கள் நம்பினார்கள் என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

இனி இளவரசர். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர் முதன்முதலாகப் பிரைட்டனுக்கு வந்தது 1783 செப்டம்பரில், 21 வயதில். தம் சித்தப்பா கம்பர்லந்துக் கோமகன் அங்கே வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில்தான் தங்கினார். அதாவது அரச குடும்பமே அவருக்கு முன்னால் அங்கே வந்துவிட்டது. விடுதிகளோடு சேர்ந்த நடன மண்டபங்களும், வாடகை நூலகங்களும், விருந்தினரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்கும் சம்பிரதாய அதிகாரியும் 1760களிலேயே அங்கே இருந்தார்கள். கழுத்துச் சுரப்பி வீக்கத்துக்குக் கடல்நீர் நல்லது என்று மருத்துவர்கள் இளவரசருக்கும் சொன்னார்கள். ரஸ்ஸல் மறைந்து கால் நூற்றாண்டு ஆகியும் அவருடைய வைத்தியம் ஓய்ந்துவிடவில்லை. தந்தையின் கண்காணிப்பிலிருந்து விலகியிருக்கும் வசதியும் ஒரு காரணம். 1785இல் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்கக் கைம்பெண்ணை அவர் ரகசியமாக மணந்தார். மன்னரின் ஒப்புதல் இல்லாததால் அது சட்டப்படி செல்லாத மணம். அடுத்த ஆண்டு கடன் நெருக்கவே, லண்டன் மாளிகையை மூடிவிட்டு பிரைட்டனில் ஒரு பண்ணைவீட்டை வாடகைக்கு எடுத்தார். 1787இல் ஹென்றி ஹாலண்ட் என்ற கட்டடக் கலைஞர் அதை எளிய, அழகான ஒரு மாளிகையாக விரித்துக் கட்டினார். இன்று நாம் படத்தில் பார்க்கும் கும்பங்களுக்கு இன்னும் சுமார் முப்பது ஆண்டுகள் இருந்தன.

அவருடைய வருகையால் ஊர் வளரவில்லை என்று நான் சொல்லவில்லை. 1801ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கில் ஏழாயிரத்துச் சொச்சமாக இருந்த எண்ணிக்கை 1831இல் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அரசவை வந்தால் தையற்காரரும் நகை வணிகரும் குதிரைக்காரரும் பின்தொடர்வது இயல்பு. ஆனால் ஓர் ஒப்பீடு என் கருத்தை உறுதிப்படுத்துகிறது. அவருடைய தந்தை மூன்றாம் ஜார்ஜ், ஆளும் மன்னர், 1789 முதல் பல கோடைகளை வேமத் என்ற தென்மேற்குக் கடற்கரை ஊரில் கழித்தார். இளவரசரைவிட மன்னரின் ஆதரவு பெரிதுதானே? வேமத் அழகான ஊராயிற்று. ஆனால் பிரைட்டன் ஆகவில்லை. லண்டனிலிருந்து அது இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். அரச ஆதரவு ஓர் ஊருக்குப் புகழைத் தரும். வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் வந்துபோகும் கூட்டத்தைத் தருவது சாலையும் தொலைவும்தான். 1820களில் லண்டன்–பிரைட்டன் சாலையில் நாள்தோறும் பல பயணிகள் வண்டிகள் ஓடின. குதிரைகளை மாற்றி மாற்றிச் சுமார் ஆறு மணி நேரத்தில் அவை வந்துசேர்ந்தன.

அரண்மனையின் தோற்றத்துக்கு வருகிறேன். அதை இந்தியர்கள் கட்டவில்லை. 1815க்கும் 1822க்கும் இடையே அதை இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்த கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருக்கு முன்மாதிரியாக இருந்தவை பெரும்பாலும் ஓவியர் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் இந்தியாவில் பயணம் செய்து வரைந்து, 1795 முதல் லண்டனில் வெளியிட்ட வண்ண அச்சுப்படங்கள். அந்த இருவரும் 1792-93இல் தமிழகத்திலும் சுற்றினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலும் திருச்சி மலைக்கோட்டையும் மாமல்லபுரமும் அவர்களுடைய படங்களில் உண்டு. ஆனால் பிரைட்டன் அரண்மனையின் வெங்காய வடிவக் கும்பங்களும் தூபிகளும் கல் பலகணிகளும் முகலாயப் பாணியின் சாயல் கொண்டவை. திராவிடக் கோயில்களின் சாயல் அங்கே இல்லை. இளவரசருக்கு அந்த ஆசையை ஊட்டியதில் அதே வளாகத்தின் குதிரை லாயத்துக்கும் பங்குண்டு. வில்லியம் போர்டன் 1803 முதல் சில ஆண்டுகளில் கட்டிய அந்தப் பெரிய கும்பக் கட்டடம், அரண்மனைக்கு முன்பே இந்தியத் தோற்றத்தில் எழுந்துவிட்டது. அதன் பிறகு குதிரைகளின் வீடு இளவரசரின் வீட்டைவிடக் கம்பீரமாக நின்றது.

நாஷ் பழைய மாளிகையை இடிக்கவில்லை. அதன்மேல் வார்ப்பிரும்புச் சட்டத்தை ஏற்றி, அந்தச் சட்டத்தின்மேல் கும்பங்களை நிறுத்தினார். வெளியே இந்தியக் கனவாகத் தெரிவது உள்ளே அன்றைய இங்கிலாந்தின் புத்தம்புது இரும்புத் தொழில்நுட்பம். உள்ளலங்காரம் முழுக்கச் சீனப் பாணி. விருந்து மண்டபத்தில் கூரையிலிருந்து ஒரு வெள்ளி நிற டிராகன் தன் நகங்களில் பற்றித் தொங்கவிட்ட விளக்குக் கொத்து ஏறத்தாழ ஒரு டன் எடை. சமையலறையில் கூரையைத் தாங்கும் நான்கு இரும்புத் தூண்களின் உச்சியில் செப்புத் தகட்டாலான பனை ஓலைகள் விரிந்திருக்கின்றன. நான் அந்தக் கட்டடத்தில் அதிகம் மதிப்பது இந்தச் சமையலறையைத்தான். தாங்கும் வேலையை மறைக்காமல், அதையே அழகாக்கியிருக்கிறார்கள். அரண்மனையிலிருந்து ஃபிட்ஸ்ஹெர்பர்ட் சீமாட்டியின் வீட்டுக்கு ரகசியச் சுரங்கப்பாதை இருந்தது என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். சுரங்கப்பாதை உண்டு, ஆனால் அது போவது குதிரை லாயத்துக்கு. கட்டப்பட்டதும் அந்த உறவு முறிந்து நெடுங்காலம் ஆன பிறகுதான்.

இந்தியத் தொடர்பு என்று உண்மையாகச் சொல்லத்தக்கது வேறொன்று. பாட்னாவில் 1759இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றி, அயர்லாந்துக்குக் குடியேறிய சேக் தீன் முகமது, 1810இல் லண்டனில் ஓர் இந்திய உணவகம் திறந்து, அது நீடிக்காமற்போகவே 1814 வாக்கில் பிரைட்டனுக்கு வந்தார். மூலிகை இட்ட நீராவியில் உடலை வியர்க்கவைத்து, துணித் திரைக்குள் கைவிட்டுப் பிடித்துவிடும் குளியல் நிலையம் ஒன்றைக் கடலோரத்தில் நடத்தினார். நான்காம் ஜார்ஜும் அடுத்த மன்னர் நான்காம் வில்லியமும் அவரை அரண்மனைப் பணிக்கு அமர்த்தினார்கள். 1851இல் இறந்த அவரும் மார்த்தா கன் கிடக்கும் அதே புனித நிக்கலஸ் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். அரண்மனை மோகம் அவரை வளர்த்ததா, கடல்நீர் வைத்தியத்துக்குப் பழகிய வாடிக்கையாளர்கள் வளர்த்தார்களா என்று கேட்டால், இரண்டாவதற்கே அதிக வலு என்பேன். வாத நோயாளிகளே அவரிடம் மிகுதியாக வந்தார்கள்.

இதற்குப் பின் நிகழ்ந்தது, இளவரசர் கதையைப் பொய்யாக்குகிறது. விக்டோரியா அரசிக்குப் பிரைட்டன் பிடிக்கவில்லை; வெளியே நடந்தால் கூட்டம் மொய்த்தது, அரண்மனையிலிருந்து கடலும் சரியாகத் தெரியவில்லை. 1845க்குப் பின் அவர் அங்கே தங்கவில்லை. 1850இல் நகர நிர்வாகம் அந்த அரண்மனையை 53,000 பவுனுக்கு வாங்கியது. அரச குடும்பம் விட்டுப்போன ஊர் வாடியிருக்க வேண்டும். வாடவில்லை, 1851இல் மக்கள்தொகை 65,000ஐத் தாண்டியிருந்தது. காரணம், 1841 செப்டம்பர் 21 அன்று திறக்கப்பட்ட லண்டன் ரயில் பாதை. பயணம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. சில ஆண்டுகளுக்குள் மலிவுக் கட்டண உல்லாசப் பயண ரயில்கள் வந்தன. வாழ்நாளில் கடலையே பார்த்திராத லண்டன் தொழிலாளி, மனைவி மக்களோடு காலையில் வந்து இரவில் திரும்பினார். அந்த ரயில்களின் அவசரத்துக்கு ஒரு விலையும் இருந்தது: 1861 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பாதையின் கிளேட்டன் சுரங்கத்தில் இரண்டு ரயில்கள் மோதி 23 பேர் மாண்டார்கள். 1871இன் வங்கி விடுமுறைச் சட்டம் ஆகஸ்டில் ஒரு பொது விடுமுறையைச் சேர்த்தபின் கூட்டம் இன்னும் பெருகியது. செல்வந்தர்கள் கோடையைத் தவிர்த்து இலையுதிர்காலத்தில் வரத் தொடங்கினார்கள். ஒரே ஊரில் இரண்டு வர்க்கங்களும் இரண்டு பருவங்களைப் பிரித்துக்கொண்டன.

கடலுக்குள் நீளும் நடைமேடைகள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்காகப் பிறந்தவை. 1823இன் சங்கிலித் தூக்கு மேடை முதலில் பிரான்சின் தியப் துறைக்குப் போகும் கப்பல்களுக்கான இறங்குதுறை. 1896 டிசம்பர்ப் புயலில் அது அழிந்தது. 1866இல் யுஜீனியஸ் பெர்ச் வடிவமைத்த மேற்கு மேடையும் 1899இல் திறந்த அரண்மனை மேடையும் முழுக்க உலாவுவதற்கானவை. மேக்னஸ் வோல்க் 1883இல் கடற்கரையோரம் ஓடவிட்ட சிறு மின்ரயில் இன்றும் ஓடுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் மின்ரயில்களில் உலகிலேயே பழையது அதுதான். இந்தப் பளபளப்புக்குப் பின்னால் இருந்ததையும் மறைக்கக் கூடாது. வெண்சுண்ணம் பூசி வளைந்த ஜன்னல்களுடன் கடலைப் பார்க்கும் அந்தப் புகழ்பெற்ற வீட்டு வரிசைகளின் சுவர்கள் பல, சிக்கிமுக்கிக் கல்லும் உடைந்த செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையில் கொட்டி இறுக்கியவை. பங்கரூஷ் என்பது உள்ளூர்க் கொத்தனார் வழக்கு. வெளிப்பூச்சில் விரிசல் விட்டு நீர் இறங்கினால் உள்சுவர் கரையும். முழுக்கக் காய்ந்தாலும் உதிரும். வீதிகளுக்குப் பின்னாலோ ஓடையும் கக்கூசும் ஒன்றாகிய சேரிகள். நகரத்தின் கழிவுநீர் 1870களின் நடுப்பகுதி வரை, மக்கள் உடல்நலம் தேடிக் குளித்த அதே கடலில்தான் கலந்தது. அதைத் தடுத்துக் கிழக்கே பல கிலோமீட்டர் கொண்டுபோய்விடும் பெரிய சாக்கடைக் குழாய் அப்போதுதான் அமைந்தது.

1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை அரண்மனையும் லாயக் கும்ப மண்டபமும் முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனைகளாயின. இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர் ஆகியோருக்குத் தனித்தனிச் சமையலும் தண்ணீர்க் குழாய்களும் இருந்தன. வெளிநபர்களைச் சந்திப்பதிலும் ஊருக்குள் நடமாடுவதிலும் கட்டுப்பாடுகள் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இறந்த இந்துக்களும் சீக்கியரும் ஊருக்கு வடக்கே பேச்சம் குன்றில் தகனம் செய்யப்பட்டார்கள். அந்த இடத்தில் 1921இல் எழுப்பிய வெண்பளிங்குச் சத்திரி என்னும் கும்ப நினைவு மண்டபம் நிற்கிறது. அந்த வீரர்கள் பெரும்பாலும் வடமேற்கு இந்தியாவையும் இமய அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள்.

இன்று பிரைட்டன் இன்னும் கடற்கரை நகரம்தானா என்றும் கேள்வியின் இறுதியில் கேட்டிருக்கிறார். 1960களுக்குப் பின் ஸ்பெயினுக்கு மலிவு விமானப் பயணம் வந்ததும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் பல நொடித்தன. மார்கேட்டும் ஹேஸ்டிங்ஸும் நெடுங்காலம் தலைதூக்கவில்லை. பிரைட்டனும் அடி வாங்கியது. மேற்கு மேடை 1975இல் மூடப்பட்டு, 2003இல் தீக்கிரையாகி, இப்போது அதன் இரும்பு எலும்புக்கூடு மட்டும் நீரில் நிற்கிறது. ஆனால் 1933இலேயே மின்மயமான ரயில் பாதை, லண்டனில் வேலை பார்த்துக்கொண்டே இங்கே குடியிருப்பதைச் சாத்தியமாக்கியிருந்தது. 1961இல் சசெக்ஸ் பல்கலைக்கழகம் வந்தது. மாநாடுகளும் ஆங்கிலம் பயிற்றும் பள்ளிகளும் கோடையை மட்டும் நம்பியிராத வருமானத்தைத் தந்தன. 2000இல் பக்கத்து ஊரான ஹோவ் உடன் சேர்த்து மாநகர் என்ற தகுதி கிடைத்தது. நீங்கள் நேரில் போக வாய்ப்பிருந்தால், ரயில் நிலையத்திலிருந்து நேரே இறங்கும் குயின்ஸ் சாலை வழியாகக் கடலுக்கு நடந்துபோய்ப் பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் கடற்கரைக்கு வந்துவிடுவீர்கள். அரண்மனை அந்த வழியிலேயே இல்லை, அதைப் பார்க்கக் கிழக்கே திரும்பித் தனியாகப் போகவேண்டும்.